பழைய லான்ட் ரோவரும் அதன் பின்வில்லும்

மாரி வெள்ளம் வடிந்து வீதிகள் காயத் தொடங்கும் காலத்தில் படுவான்கரைப் பக்கமாகப் பயணம் செய்தவர்களுக்கு நாம் சொல்லப்போகும் சங்கதி புதிதாக இராது. வீதியில் போட்ட கிறவல் வெள்ளத்தோடு போய்விட, கல்லும் குழியுமே எஞ்சியிருக்கும். அந்த வீதியில் முப்பது நாற்பது வருடப் பழைய வாகனமொன்று விதைநெல் மூடைகளையும், மூடைகளின்மேல் நாலைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வரும்போது அதன் அடிப்பாகம் படுகின்ற பாட்டை மேலே இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் “பழைய வாகனம்தானே” என்று சொல்லி ஆறுதலடைந்துவிடுவோம். நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் எமக்கு நேரவிருந்ததையும், அதன்பின் நாம் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

எமது வேலைக்கு இருப்பது 109 அங்குல லான்ட் ரோவர், மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. இந்த வரிசை 1971 முதல் 1985 வரை செய்யப்பட்டது. 109 அங்குலம் என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம். கட்டையானது 88 அங்குலம். லான்ட் ரோவர் பிறந்த கதையும் கிராமத்தவர்களுக்கு அந்நியமானதல்ல. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ், ஆங்கில்சீ தீவிலிருந்த தமது பண்ணையில் உலகப் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்தார். அது தேய்ந்துபோனால் பதிலுக்கு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த வாகனம் உருவாகி, 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாகையால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால் உடலைத் தாங்கும் அடிச்சட்டம், அதாவது செசி, உருக்கினாலானது. உடல் துருப்பிடிக்காமல் பளிச்சென்று இருக்க, செசி உள்ளே இருந்தபடியே உக்கிப்போகும். வாங்குகிறவர்கள் ஏமாறுவது இவ்விடத்தில்தான். இதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

இந்தக் காலத்தில் ஏன் பழைய வாகனத்தைக் கட்டி மேய்க்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இன் நெருக்கடியும் வந்துபோயிற்று. புதிய வாகனம் சிறிய நிறுவனங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே உள்ளதைக் காப்பாற்றத் தெரிந்திருப்பது எமக்கு ஆசையால் வந்த பழக்கமல்ல, வேறு வழியில்லாமல் வந்தது.

2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கு மாகாணத்தைத் தாக்கிய வெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்திலும் கதிர்ப் பருவத்திலுமாக நீரில் கிடந்து அழுகிற்று. அடுத்த சிறுபோகத்துக்கு விதைநெல்லே இல்லாமல் இருந்த குடும்பங்களுக்குப் பங்குனி, சித்திரை மாதங்களில் மூடை மூடையாக ஏற்றிக்கொண்டு போனோம். அக்காலத்தில் மண்முனையில் பாலம் இல்லை. 2014இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’யில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதையின் பலகையில் ஏறும்போது ஒரு குத்து, இறங்கும்போது ஒரு குத்து. பின்பக்கத்திலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

சத்தத்தோடு வேறொரு குணமும் சேர்ந்துகொண்டது. எமது சாரதி முதலில் அதைச் சொன்னபோது நாம் சரியாகக் காதில் வாங்கவில்லை. “ஐயா, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடிதான் இருக்கிறன். வாகனம் தன்ர எண்ணத்துக்குப் போகுது” என்றார். வேகத்தைக் கூட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறது, காலை எடுத்தால் மறுபக்கம் திரும்புகிறது என்பதே அவருடைய முறைப்பாடு. பழுதின் பெயரையே அந்த மனிதர் சொல்லிவிட்டார். அதைப் புரிந்துகொள்ளும் அறிவு எமக்குத்தான் இருக்கவில்லை.

ஸ்டியரிங்கில் குற்றமென்று நினைத்து நகரத்துக் கராஜ் ஒன்றில் விட்டோம். முன்பக்கத்து முட்டுக்களை மாற்றித் தந்தார்கள். குணம் மாறவில்லை. பிறகு சொக் அப்சோபர் போய்விட்டது என்றார்கள். பின்னால் இரண்டும் மாற்றினோம். கொஞ்ச நாள் நல்லது போலத் தெரிந்தது, பின்னர் பழைய கதைதான். மூன்றாவதாக, பாரம் ஏற்றுகிறோமே, வில் இளகிவிட்டது என்று யாரோ சொல்ல, இரண்டு பின்வில்லிலும் லொறியிலிருந்து கழற்றிய தகடு ஒவ்வொன்று கூடுதலாகச் சேர்த்துக் கட்டினோம். அது எல்லாவற்றிலும் பெரிய பிழை. வாகனம் உயர்ந்து நின்றது உண்மை. ஆனால் வில் விறைத்துப்போனது. முன்பு வில் வளைந்து வாங்கிய குத்தையெல்லாம் இப்போது புஷ்களும் போல்ட்டுகளும் வாங்கத் தொடங்கின.

ஒரு நாள் மாலை, ஆயித்தியமலைப் பக்கமிருந்து திரும்பும்போது, கணுக்கால் அளவு நீர் ஓடிய தாம்போதி ஒன்றில் இறங்கினோம். மூடைகள் இறக்கியாயிற்று. பின்னால் இரண்டு தாய்மார், ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை, கிளினிக்குக்குப் போகிறவர்கள். நடுவே இருந்த குழியொன்றில் இடது பின்சில்லு விழுந்து எழும்பியதுதான் தாமதம், வாகனத்தின் பின்பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து, சில்லு தாம்போதியின் விளிம்புக் கல்லில் போய் முட்டி நின்றது. அந்தக் கல் அவ்விடத்தில் இருந்தது. அடுத்த கல்லை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இறங்கிப் பார்த்தபோதுதான் கண்டோம். ஒருவருக்கும் காயமில்லை. அந்தத் தாய்மார் மீதித் தூரத்தை நடந்தே போனார்கள். எவ்வளவு சொல்லியும் திரும்ப ஏறவில்லை.

பழுதைக் கண்டுபிடித்தவர் நகரத்து ஆளல்லர். 1983 கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வந்து எமது பக்கத்தில் குடியேறிய முதியவர் ஒருவர். இளமையில் தேயிலைத் தோட்டத்துக் கராஜில் வேலை செய்தவர். தோட்டங்களில் லான்ட் ரோவர்கள் ஓடிய பாதைகளை நினைத்துப் பார்த்தால் அந்த அனுபவத்தின் பெறுமதி விளங்கும். அவர் வாகனத்தின் அடியில் உடனே புகவில்லை. “ஸ்டியரிங்ல கை வைக்காதீங்க ஐயா. மொதல்ல ஈர மணல்ல நேரா ஓட்டிக் காட்டட்டும் தம்பி” என்றார்.

சாரதி ஓட்டிக் காட்டினார். இந்த வாகனத்தில் முன்சில்லுகளுக்கு இடையிலான அகலமும் பின்சில்லுகளுக்கு இடையிலான அகலமும் ஒன்றுதான். நேராக ஓடினால் பின்சில்லின் தடம் முன்சில்லின் தடத்தின்மேலேயே விழ வேண்டும். எமது வாகனத்தின் பின்தடம் இரண்டு அங்குலமளவு இடப்பக்கமாக விலகி விழுந்திருந்தது. பெரியவர் அதை ஒரு குச்சியால் அளந்து காட்டினார். பிறகு சீமெந்துத் தரையில் நிறுத்தச் சொல்லி, மேசன்மார் பாவிக்கும் தூக்குக் குண்டை ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சோக்கால் புள்ளி வைத்தார். வலப்பக்கம் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடையே 109 அங்குலம். இடப்பக்கம் முக்கால் அங்குலம் கூட. பின் அச்சு இடப்பக்கத்தில் பின்னோக்கி நகர்ந்துவிட்டது. ஒரு நூலும் ஒரு குண்டும் ஒரு துண்டுச் சோக்கும் போதுமாயிருந்த இடத்தில் நாம் மூன்று மாதக் காசைக் கொட்டியிருந்தோம்.

அச்சு எப்படி நகரும் என்று கேட்கலாம். பின்பக்கத்தின் அமைப்பைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். வில் என்பது நீண்டதும் குறுகியதுமான உருக்குத் தகடுகளின் அடுக்கு. எல்லாத் தகடுகளையும் ஊடறுத்து நடுவில் ஒரு போல்ட் போகிறது. அதன் உருண்டைத் தலை அச்சின் இருக்கையிலுள்ள துளைக்குள் அமர்ந்து, அச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் வில்லையும் அச்சையும் சேர்த்து இறுக்குவன யூ போல்ட்டுகள். வில்லின் முன்நுனி செசியோடு ஒரு போல்ட்டில் நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின்நுனியோ சக்கிள் எனப்படும் இரட்டைத் தகட்டில் ஊஞ்சல் போலத் தொங்கும். பாரம் ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடும். அந்தக் கூடுதலுக்கு இடம்கொடுக்கவே இந்த ஊஞ்சல். பிணைப்பு ஒவ்வொன்றிலும் இரும்பும் இரும்பும் தேயாதபடி இறப்பர் புஷ் இருக்கிறது.

அச்சைத் தன் இடத்தில் வைத்திருக்க வேறு கம்பியோ தண்டோ கிடையாது. எல்லாம் அந்த வில்தான். வாகனத்தைச் சுமப்பதும் அதுவே, சில்லு எந்தத் திசையில் பார்க்க வேண்டுமென்று பிடித்திருப்பதும் அதுவே. சுமக்கும் வேலையை மாத்திரம் கவனித்துப் பிடிக்கும் வேலையை மறந்ததே எமது தவறு. புஷ் தேய்ந்தால், அல்லது யூ போல்ட் இளகினால், வாகனத்தை முடுக்கும்போது அச்சு ஒரு பக்கம் முன்னுக்குத் தள்ளப்படும், காலை எடுத்தவுடன் திரும்பி வரும். பின்சில்லுகள் ஸ்டியரிங் செய்யும். சாரதி சொன்னது இதைத்தான்.

அடியில் புகுமுன் ஓர் எச்சரிக்கை. இந்த வாகனத்தின் கைப் பிறேக் மற்ற வாகனங்களைப்போலப் பின்சில்லுகளில் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டிலே பிடிக்கிறது. ஆகவே ஒரு பின்சில்லை ஜக்கில் உயர்த்தினால், டிபரன்ஷல் இருப்பதனால், உயர்ந்த சில்லு சுற்ற, தரையிலிருக்கும் சில்லும் உருளும். கைப் பிறேக் இறுக்கமாக இருந்தும் வாகனம் ஜக்கிலிருந்து சரிந்து விழும். இதை அறியாதவர்கள் அநேகர். முன்சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். நான்கு சில்லு ஓட்டத்தையும் போட்டுவிடுங்கள். செசியின் கீழே சிலிப்பர் கட்டையோ முதிரைக் குற்றியோ அடுக்காமல் ஜக்கை மாத்திரம் நம்பித் தலையை உள்ளே நீட்ட வேண்டாம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் கூடாது, அவை சொல்லாமல் நொறுங்கும்.

பெரியவர் முதலில் கையால் தொட்டது யூ போல்ட்டுகளை. இடப்பக்கத்து நட்டுகள் இரண்டு, ஸ்பனர் இல்லாமல் விரலாலேயே திரும்பின. நட்டைச் சுற்றிச் செந்தூள் போலத் துரு கசிந்திருந்தது. இரும்பும் இரும்பும் உராயும் இடத்தில்தான் அந்தத் தூள் வரும் என்றார். ஆகவே கழுவுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். நாமோ கராஜுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் மரியாதைக்காக நன்றாகக் கழுவியே கொண்டுபோனோம்!

அடுத்து அலவாங்கு. சக்கிள் தகட்டுக்கும் செசிக்கும் இடையே நுனியை வைத்து மெதுவாக நெம்பிப் பார்த்தால், நல்ல புஷ் சிறிது இறப்பர்த்தனமாக இணங்கித் திரும்பும். தேய்ந்தது ‘டக்’ என்று இடம் மாறும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் மூன்றுமாக நான்கு புஷ் போயிருந்தன. இறப்பர் எண்ணெயில் ஊறிக் களிமண் போலாகியிருந்தது. காரணம் நாமேதான். வில் கிறீச்சிடுகிறதென்று மாதத்துக்கு ஒருமுறை பழைய எஞ்சின் எண்ணெயை அள்ளி ஊற்றியிருந்தோம். தகடுகளுக்கிடையில் எண்ணெய் நல்லது, இறப்பருக்கு அது நஞ்சு. தகடுகளைத் துலக்கிக் கிறீஸ் பூச விரும்பினால் நுனிகளைத் தவிர்த்துப் பூச வேண்டும். புஷ்ஷுக்குச் சவர்க்கார நீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

சில்லைக் கழற்றி, யூ போல்ட்டுகளை அகற்றி, அச்சை வில்லிலிருந்து பிரித்தபோது நடுப் போல்ட்டின் தலை தனியே கீழே விழுந்தது. வெட்டுப்பட்ட முகத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி பளபளத்தது. கறுத்த பாதி பல மாதங்களுக்கு முன்பே வெடித்தது, மற்றப் பாதி தாம்போதியில் முறிந்தது. யூ போல்ட் இளகியதனால் அதன் வேலை முழுவதும் இந்தச் சிறிய போல்ட்டின் கழுத்தில் விழுந்திருக்கிறது.

எம்மை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. அச்சின் நெடுகே ஓடும் பிறேக் குழாயில், நகர்ந்த யூ போல்ட் உராய்ந்து, ஓரிடத்தில் குழாய் தேய்ந்து வெள்ளியாய் மின்னியது. அக்கால லான்ட் ரோவர்கள் பலவற்றில் நான்கு சில்லுக்கும் பிறேக் எண்ணெய் போவது ஒரே வழியால்தான். ஓரிடத்தில் குழாய் ஓட்டையானால் நான்கும் போய்விடும். நாம் ‘பழைய வாகனத்துச் சத்தம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

வேலை எப்படி நடந்ததென்பதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரையால் பயனில்லை.

சக்கிள் போல்ட்டுகள் புஷ்ஷின் உட்குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊறவிடுவது நல்லது, புஷ் எப்படியும் மாற்றப் போகிறோம். மூன்றாம் வரிசையில் சக்கிளின் ஒரு தகட்டிலேயே மரை வெட்டப்பட்டிருக்கும். நட்டைக் கழற்றியபின் போல்ட்டைத் தட்டி எடுக்கலாமென்று சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்தவர்கள் பலர். நட்டைக் கழற்றியபின் போல்ட்டையும் திருகியே எடுக்க வேண்டும்.

செசியிலுள்ள புஷ்தான் கழுத்தறுக்கும் வேலை. சிலர் காஸ் அடுப்பால் இறப்பரை எரிப்பார்கள். புகை கெட்டது, பெற்றோல் தாங்கியும் குழாய்களும் தூரத்தில் இல்லை. எமது பெரியவர் அதற்கு இணங்கவில்லை. இறப்பரில் துளைகள் இட்டு உட்குழாயைப் பிடுங்கி எடுத்தார். மிஞ்சிய வெளிக்குழாயின் உள்ளே இரும்பறுக்கும் வாளின் அலகை நுழைத்து நீளவாட்டில் ஒரு கோடு அறுத்தார். குழாய் தளர்ந்து உளிக்கு இணங்கிவிட்டது. அறுக்கும்போது செசியின் துளையை வெட்டிவிடாதபடி அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு புஷ்ஷுக்கு ஒரு மணித்தியாலம் போயிற்று. புதியதை அடித்து ஏற்றக் கூடாது. நீண்ட மரைக்கம்பி, தடித்த வாஷர், அளவான குழாய்த் துண்டு, இரண்டு நட்டு இவை கொண்டு சிறிது சிறிதாக இழுத்து ஏற்ற வேண்டும். அழுத்தம் புஷ்ஷின் வெளிக்குழாயில் மாத்திரம் விழட்டும்.

போர்க்காலத்தில் லொறி ரயரை வட்டமாக வெட்டிப் புஷ் செய்தோம். அன்று அதைவிட வேறு கதியில்லை, அவை ஓடியும் இருக்கின்றன. இன்று அசல் அளவிலான இறப்பர் புஷ் கிடைக்கும்போது அந்தக் கெட்டித்தனம் தேவையில்லை. நிறம் நிறமான பொலியுரித்தேன் புஷ்களும் விற்கிறார்கள். அவை எண்ணெய்க்குக் கெடமாட்டா, கையாலேயே ஏற்றலாம். ஆனால் அவற்றுக்கென்றுள்ள கிறீஸ் வேண்டும், மணல் புகுந்தால் சத்தமிடும். எமது பக்கத்து மணலுக்கு இறப்பரே போதுமென்பது எமது அபிப்பிராயம்.

வில்லை என்ன செய்வது? எமது வில்லில் உண்மையில் பெரிய குற்றம் இருக்கவில்லை. கூடுதலாகக் கட்டிய லொறித் தகடுகளை எடுத்து எறிந்தோம். நடுப் போல்ட்டைக் கழற்றுமுன் தகடுகளை இடுக்கியில் இறுகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுக்குத் தெறித்து விரியும். தகடு ஒவ்வொன்றையும் வயர் பிறஷ்ஷால் துலக்கி வெடிப்புப் பார்த்தோம். நடுத்துளையைச் சுற்றியும், யூ போல்ட் இறுக்கும் ஓரத்திலும், பிரதான தகட்டின் கண்ணருகிலும் கவனமாகப் பார்க்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் குறுக்காக ஒரு செங்கோடாகத் தெரியும். வெடித்த தகட்டை வெல்டிங் பிடிப்பது வீண் வேலை. வெல்டிங்கின் சூட்டில் உருக்கின் பதம் போய்ப் பக்கத்திலேயே மறுபடி முறியும். நிமிர்ந்துபோன வில்லைக் கம்மாலையில் குளிர்நிலையிலேயே அடித்து வளைத்தால் சில காலம் தாங்கும். செந்தணலில் காய்ச்சி வளைத்துவிட்டு, மீண்டும் முறைப்படி பதமேற்றாமல் விட்டால், அது வில்லல்ல, வெறும் இரும்பு.

வேறொரு வில்லைப் பழைய இரும்புக் கடையில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வாகனத்தின் இரு பக்க வில்லும் ஒன்றல்ல. சாரதியும் பெற்றோல் தாங்கியும் ஒரே பக்கத்தில் இருப்பதனால் சாரதிப் பக்கத்து வில் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கும். கழற்றி வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தால் தெரியும். மாற்றிப் பூட்டினால் புதிய வில்லோடும் வாகனம் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். இதைச் சிலவேளை விற்பவரே அறியமாட்டார்.

நடுப் போல்ட்டுக்கு ஹாட்வெயார் கடைப் போல்ட் கூடாது. தலை உருண்டையாக, அச்சின் துளைக்குள் ஆட்டமின்றி அமர வேண்டும். யூ போல்ட்டுகளும் நட்டுகளும் புதியனவாகவே இருக்கட்டும். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் மறுமுறை அதே பிடி கொடாது. தேய்ந்த பிறேக் குழாயை மாற்றி, காற்று எடுத்துவிட்டோம்.

இவ்வளவும் செய்தபின் நாம் இன்னொரு தவறு விட்டோம். பொழுது பட்டுவிட்டது, மறுநாள் விதைநெல் போகவேண்டும். பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தார். வாகனம் இன்னும் கட்டையில், பின்சில்லுகள் தொங்கியபடி நின்றன. நாமே எல்லாச் சக்கிள் போல்ட்டையும் இறுக்கி முடித்தோம். காலையில் அவர் வந்து பார்த்தவர், ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் மீண்டும் இளக்கினார். இறப்பர் புஷ் சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கியதும் உட்குழாய் சக்கிளோடு பூட்டிக்கொள்ளும், வெளிக்குழாய் செசியோடு நிற்கும், இடையிலுள்ள இறப்பர்தான் முறுகிக் கொடுக்கும். சில்லு தொங்கும்போது இறுக்கினால், வாகனத்தைக் கீழே இறக்கியவுடனேயே இறப்பர் ஒரு பக்கம் முழுதாக முறுகிவிடுகிறது. அதன்பின் குழி ஒவ்வொன்றும் அதைக் கிழிக்கும். வாகனத்தைத் தரையில் இறக்கி, பின்னால் இரண்டு பேர் ஏறிக் குதித்து வில் தன் நிலைக்கு வந்தபின்பே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். யூ போல்ட்டையும் அவ்வாறே, நான்கு நட்டையும் மூலைக்கு மூலை மாறி மாறி. புதிய புஷ் ஆறு மாதம்கூட நிற்கவில்லை என்று குறைசொல்பவர்கள், அதைப் பூட்டியவர் எந்த நிலையில் இறுக்கினார் என்று விசாரித்துப் பார்க்கலாம்.

சொக் அப்சோபரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் அதன்மீதுதான் எல்லோரும் முதலில் பழி போடுகிறார்கள். அது பாரத்தைத் தாங்குவதில்லை, வில்லின் துள்ளலை அடக்குவதே அதன் வேலை. வாகனம் சரிந்து நிற்பதற்கோ, தடம் விலகுவதற்கோ அது பொறுப்பல்ல. பழுதான வீதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு, புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது சூடாக இருக்கும். ஒன்று சூடும் மற்றது குளிருமாக இருந்தால் குளிர்ந்ததே செத்தது. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் தொட்டுப் பார்க்கவும் தேவையில்லை.

செசியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். வில் தொங்கும் இடங்களிலும் பின் குறுக்குச் சட்டத்திலும் சேறு தங்கி, செசியின் பெட்டிக்குள் ஈரம் நின்று, உள்ளிருந்து அரிக்கும். வாவிக் காற்றும் கடற்காற்றும் படும் இடங்களில் இது விரைவு. சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும், உக்கியது மந்தமாகச் சத்தமிடும். மந்தமான இடத்தில் புதிய புஷ்ஷோ புதிய வில்லோ பூட்டுவதற்கு முன் வெல்டிங் வேலை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பிணைத்த இடமே கழன்றுபோனால் பிணைப்பின் பலம் எதற்கு? எமது வாகனத்தில் வலது பின் மூலையில் உள்ளங்கையளவு இடம் இவ்வாறிருந்தது. மேலே பூசிய தார் அதை அழகாக மறைத்திருந்தது.

இங்கே சொன்னவை லான்ட் ரோவருக்கு மாத்திரமல்ல. மிட்சுபிஷி ஜீப்புக்கும், வில் பூட்டிய டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும், அளவுகளும், சிலவற்றில் கைப் பிறேக்கும்தான் வேறுபடும். 1983இல் வந்த 110 வகையிலிருந்து லான்ட் ரோவருக்குச் சுருள்வில் வந்துவிட்டது. அதற்குப் பிடிப்புத் தண்டுகள் தனியே உண்டு. அது வேறு கதை.

அந்த வேலை முடிந்து முதல் இரு நூறு கிலோமீற்றர் ஓடியபின் யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினோம். ஒவ்வொரு நட்டும் கால் திருப்பு வாங்கிற்று. அதன்பின் சாரதி நட்டிலிருந்து தகடுவரை வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு கீறி வைத்தார். நட்டு அசைந்தால் கோடு முறிந்து தெரியும். ஸ்பனர் தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும். சனிக்கிழமை தோறும் வாகனம் கழுவுமுன் எட்டு நட்டையும் பார்த்துவிடுகிறார். ஒவ்வொரு மாரி முடிவிலும் ஈர மணலில் ஒருமுறை நேராக ஓட்டி, இறங்கி வந்து தடத்தைப் பார்க்கிறார்.

அந்தக் கைக்குழந்தையின் தாய் பிறகு எமது வாகனத்தில் ஏற ஓராண்டுக்கு மேலாயிற்று. அப்போதும் முன் இருக்கையில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லி, முன்னால் இருந்தே வந்தார்.